அணு அமைப்பை வரிசை தவறாமல் எழுதுவது: தனிமத்தின் பெயரிலிருந்து அயனி வரை முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் மாலையில் ட்யூஷன் எடுக்கும் அண்ணன், அக்காக்களுக்கும், அவர்களிடம் வந்து உட்காரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் எழுதியது இது. ஒரு தனிமத்தின் பெயரைச் சொன்னால் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எண்ணிக்கை, எலக்ட்ரான் அமைப்பு, இணையாத எலக்ட்ரான்கள், அயனியின் அமைப்பு என எல்லாம் தாளில் பிழையில்லாமல் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்தப் பாடத்தில் பாதிப் பிழைகள் புரியாமல் வருபவை அல்ல, வரிசை மாறுவதால் வருபவை. எலக்ட்ரானை எண்ணிவிட்டுத் தனிமத்தைத் தேடுவார்கள். அயனியின் எலக்ட்ரான் எண்ணிக்கையை வைத்து நேராக நிரப்பத் தொடங்குவார்கள். விடை சில நேரம் தற்செயலாகச் சரியாகவும் வந்துவிடும். அதனால் அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கீழே உள்ள படிகளை ஒன்று முடிந்த பிறகே அடுத்ததற்குப் போகும்படி வைத்திருக்கிறேன்.

1. உட்காரும் முன் வேண்டியவை

கோடு போடாத நோட்டு, பென்சில், ரப்பர், ஒரு தனிம வரிசை அட்டவணை. பேனா வேண்டாம். பெட்டிகளில் அம்புக்குறி போடும்போது கட்டாயம் அழிக்க வேண்டிவரும்.

அட்டவணை சார்ட்டை பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் வாங்கினாலும் சரி, வீட்டில் அண்ணன் விட்டுப்போன பழைய சார்ட்டானாலும் சரி, ஒவ்வொரு கட்டத்திலும் அணு எண், அணு நிறை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்கு 2016-ல்தான் பெயர் முடிவானது. பழைய சார்ட்டில் அங்கே தற்காலிகப் பெயர் இருக்கும். நமக்கு முதல் 36 தனிமங்கள் போதும், ஆகவே அது குறையில்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 1 முதல் 30 வரை அணு எண்ணும் பெயரும். அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவர் தேர்வில் அட்டவணை இல்லாமல் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார். பத்துப் பத்தாகப் பிரித்து, முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்லிப் பாருங்கள்.

2. முதலில் அணு எண், மற்றதெல்லாம் அப்புறம்

பக்கத்தின் மேலே தனிமத்தின் பெயர், அதற்குக் கீழே அணு எண். இதை எழுதாமல் எதையும் தொடங்கக் கூடாது.

அணு எண் என்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமம் எது என்று தீர்மானிப்பது அது மட்டும்தான். எலக்ட்ரான் கூடலாம், குறையலாம். அப்போது அயனி கிடைக்கும். நியூட்ரான் கூடலாம், குறையலாம். அப்போது ஐசோடோப்பு கிடைக்கும். புரோட்டான் ஒன்று மாறினால் தனிமமே மாறிவிடும். கல்பாக்கம் அணு உலைகளில் பயன்படும் கனநீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருக்கிறது. புரோட்டான் ஒன்றுதான், ஆகவே அதுவும் ஹைட்ரஜன்தான்.

குறியீட்டைச் சுற்றி எண்களை வைக்கும் இடமும் இங்கேயே பழக வேண்டும். இடப்பக்கம் மேலே நிறை எண், இடப்பக்கம் கீழே அணு எண், வலப்பக்கம் மேலே மின்சுமை. மின்சுமையை இடப்பக்கம் எழுதினால் திருத்துகிறவர் அதை நிறை எண் என்றுதான் படிப்பார்.

3. நிறை எண்ணையும் அணு நிறையையும் பிரித்து வைப்பது

நியூட்ரான் எண்ணிக்கை = நிறை எண் − அணு எண். சூத்திரம் எளிது. எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்.

அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று இருக்கும். 35.5 − 17 = 18.5 நியூட்ரான் என்று எழுதிய தாள்கள் ஏராளம். அரை நியூட்ரான் எங்கும் கிடையாது. அட்டவணையில் இருப்பது நிறை எண் அல்ல, இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் சராசரி அணு நிறை. குளோரினில் 75.77 சதவீதம் குளோரின்-35, 24.23 சதவீதம் குளோரின்-37. ஐசோடோப்புகளின் துல்லியமான நிறைகளை வைத்துக் கணக்குப் போட்டால்:

34.969 × 0.7577 + 36.966 × 0.2423 = 35.45

ஆக, எந்தக் குளோரின் அணுவை எடுத்தாலும் அதில் நியூட்ரான் 18 அல்லது 20. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய உப்பளத்தில் அள்ளும் ஒரு கை உப்பில் இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன.

"அப்போ முழு எண்ணா ரவுண்ட் பண்ணிட்டா போதும்ல?" என்பது அடுத்த கேள்வி. போதாது. புரோமினின் அணு நிறை 79.90. ரவுண்ட் செய்தால் 80. நியூட்ரான் 45 என்று வரும். ஆனால் இயற்கையில் இருப்பவை புரோமின்-79, புரோமின்-81 இரண்டும்தான், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நியூட்ரான் 44 அல்லது 46; 45 அல்ல. தாமிரமும் அப்படியே: 63.55-ஐ 64 ஆக்கினால், இயற்கையில் இல்லாத ஐசோடோப்புக்குப் போய்விடுவீர்கள். அங்கே இருப்பவை 63-ம் 65-ம்.

இந்தத் தவறான பழக்கம் ஏன் இவ்வளவு நாள் ஓடுகிறது என்றால், பாடத்தில் முதலில் வரும் எடுத்துக்காட்டுகள் அப்படி. ஃபுளோரின் 19, சோடியம் 23, அலுமினியம் 27, பாஸ்பரஸ் 31: இவற்றுக்கு இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான். அங்கே ரவுண்ட் செய்தால் விடை சரியாகவே வரும். ட்யூஷன் எடுப்பவர்கள் சோடியத்தோடு குளோரினையும் முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வியில் நிறை எண் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். கொடுக்கவில்லை என்றால், எந்த ஐசோடோப்பை எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் கழியுங்கள்.

ஒரே நிறை எண், வேறு வேறு தனிமம் என்றால் ஐசோபார்: ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40. ஒரே நியூட்ரான் எண்ணிக்கை என்றால் ஐசோடோன்: கார்பன்-13, நைட்ரஜன்-14 இரண்டிலும் ஏழு.

4. எலக்ட்ரானை எண்ணுவது

நடுநிலை அணுவில் எலக்ட்ரான் = புரோட்டான். அயனி என்றால் மின்சுமையைக் கழிக்க வேண்டும், குறியோடு சேர்த்து.

சோடியம் அயனியின் மின்சுமை +1. 11 − (+1) = 10. குளோரைடு அயனியின் மின்சுமை −1. 17 − (−1) = 18. நேர்மின் அயனியைப் பார்த்ததும், பிளஸ் இருக்கிறதே என்று ஒன்றைக் கூட்டி 12 என்று எழுதுபவர்கள் உண்டு. எலக்ட்ரானின் மின்சுமை எதிர்மின்சுமை. அது வெளியே போனால்தான் அணு நேர்மின்சுமை பெறும். இந்தக் காரணம் மனதில் நின்றால் குறி தவறாது.

அயனியானாலும் நிறை எண் மாறாது. ஒரு புரோட்டான் ஒரு எலக்ட்ரானைவிடச் சுமார் 1,836 மடங்கு நிறை கொண்டது. ஒன்றிரண்டு எலக்ட்ரான் வந்து போவது நிறை எண்ணின் கணக்கிலேயே வராது.

நோட்டில் அணுக்கருவைப் பெரிய உருண்டையாக வரைந்து, சுற்றிலும் நெருக்கி எலக்ட்ரான்களைப் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அணுவின் விட்டம் 10⁻¹⁰ மீட்டர் அளவு. அணுக்கரு 10⁻¹⁵ மீட்டரை ஒட்டிய அளவு. அணுக்கருவை ஒரு மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தால், அணுவை வரையப் பல பத்து மீட்டர் அகலத்துக்குத் தாள் வேண்டும். படம் எண்ணிப் பார்க்க மட்டுமே, அளவு காட்ட அல்ல.

5. வட்டத்தை விட்டுப் பெட்டிக்கு வருவது

ஒன்பதாம் வகுப்பில் வட்டம் வரைந்து 2, 8, 1 என்று புள்ளி வைத்தது முதல் 18 தனிமங்களுக்குச் சரிவரும். பிளஸ் ஒன்னில் அதை நிறுத்திவிட வேண்டும்.

எலக்ட்ரானின் இடத்தை அணுவின் அளவுக்குள், அதாவது 10⁻¹⁰ மீட்டருக்குள் குறுக்கிவிட்டால், ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டுக் கணக்குப்படி அதன் வேகத்தில் குறைந்தது வினாடிக்கு 5.8 லட்சம் மீட்டர் நிச்சயமின்மை வந்துவிடுகிறது. ஹைட்ரஜனின் முதல் வட்டப்பாதைக்கு நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானியின் அணு மாதிரி தரும் வேகமே வினாடிக்குச் சுமார் 22 லட்சம் மீட்டர்தான். வேகத்தில் கால்வாசிக்கும் மேல் ஐயமாக இருக்கும்போது, இந்தப் பாதையில்தான் போகிறது என்று கோடு போட முடியாது. ஆகவே எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த பகுதியை ஆர்பிட்டால் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்பிட்டாலுக்கும் ஒரு பெட்டி வரைகிறோம்.

ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் நான்கு குவாண்டம் எண்கள். முதன்மை எண் 1, 2, 3 என்று போகும்; அது எத்தனையாவது கூடு என்று சொல்கிறது. கோண உந்த எண் 0-வில் தொடங்கி முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவு வரை. அது கூட்டுக்குள் உள்ள துணைக்கூட்டைச் சொல்கிறது: 0 என்றால் எஸ், 1 பி, 2 டி, 3 எஃப். காந்த எண், கோண எண்ணின் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறி வரை, பூச்சியமும் சேர்த்து. தற்சுழற்சி எண் +½ அல்லது −½.

இதிலிருந்தே பெட்டிகளின் எண்ணிக்கை வருகிறது: எஸ் ஒன்று, பி மூன்று, டி ஐந்து, எஃப் ஏழு. பெட்டிக்கு இரண்டு எலக்ட்ரான் வீதம் 2, 6, 10, 14. 2டி, 3எஃப் என்று யாராவது எழுதினால் கோண எண் முதன்மை எண்ணைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்படி ஒரு துணைக்கூடே கிடையாது.

கடைசி எலக்ட்ரானின் காந்த எண் என்ன என்று கேட்டால், இடப்பக்கப் பெட்டி −1-ஆ +1-ஆ என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். பெட்டிக்கு எந்த எண் என்பது வெறும் ஏற்பாடுதான். கேள்வியில் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட எந்த மதிப்பும் சரி.

6. நிரப்பும் வரிசை

முதன்மை எண்ணையும் கோண எண்ணையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைவானது முதலில். இரண்டுக்கும் ஒரே தொகை வந்தால் முதன்மை எண் சிறியது முதலில். அப்படிப் போட்டால்:

1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி

இதை மூலைவிட்ட அம்பு போட்டு மனப்பாடம் செய்வதைவிட, கூட்டிப் பார்த்து ஒருமுறை தானே எழுதினால் மறக்காது.

பெரிய தடுக்கல் பொட்டாசியம். "அக்கா, மூணாவது கூட்டுல பதினெட்டு உக்காரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் ஒம்போதாவது ஏன் வெளிய போவுது?" கேள்வி நியாயமானது. 2 × முதன்மை எண்ணின் இருமடி என்ற சூத்திரம் ஒரு கூடு அதிகபட்சம் எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் சொல்கிறது. எந்த வரிசையில் நிரம்பும் என்று அது சொல்லவே இல்லை. மூன்றாவது கூட்டில் 3எஸ், 3பி நிரம்பியதும் 8 ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது 3டி; அதன் தொகை 3 + 2 = 5. 4எஸ்-ன் தொகை 4 + 0 = 4. ஆகவே 19-வது எலக்ட்ரான் 4எஸ்-க்குப் போகிறது. பொட்டாசியம் 2, 8, 8, 1. அதை 2, 8, 9 என்று எழுதினால், தண்ணீரில் போட்டதும் ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு வினைபுரியும் உலோகம் அது என்பதற்கு விளக்கமே இல்லாமல் போகும்.

தொகை குறைந்தால் ஏன் ஆற்றல் குறைகிறது? எஸ் எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் பக்கத்திலேயே இருக்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. உள்கூட்டு எலக்ட்ரான்கள் போடும் மறைப்பைத் தாண்டி அது அணுக்கருவின் ஈர்ப்பை உணர்கிறது. டி எலக்ட்ரானுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் கீழே இருப்பதற்கு இதுவே காரணம். 3டி-யில் எலக்ட்ரான் சேரத் தொடங்கியதும் நிலைமை மாறும்; அதை 9-ம் படியில் பார்க்கலாம்.

எழுதி முடித்ததும் மேலே உள்ள சிறிய எண்களை, அதாவது ஒவ்வொரு துணைக்கூட்டிலும் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பாருங்கள். சோடியத்துக்கு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹; 2 + 2 + 6 + 1 = 11. பொருந்தவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. பெட்டிக்குள் அம்பு போடுவது

ஒரே துணைக்கூட்டின் பெட்டிகளில் முதலில் ஆளுக்கு ஒன்று, எல்லாம் ஒரே திசையில். அது முடிந்த பிறகே இரண்டாவது சுற்று, எதிர்த்திசையில். முன்னது ஹுண்ட் விதி. ஒரே பெட்டியில் இரண்டும் ஒரே திசையில் இருக்கக் கூடாது என்பது பௌலி விதி.

மணலி உரத் தொழிற்சாலையில் அம்மோனியாவாக மாறும் நைட்ரஜனை எடுங்கள்: 1எஸ்² 2எஸ்² 2பி³. மூன்று பெட்டி, மூன்று அம்பு, மூன்றும் மேல்நோக்கி. பெட்டியில் தனியாக நிற்கும், அதாவது இணையாத எலக்ட்ரான் மூன்று. மூன்று ஹைட்ரஜனோடு அது பிணைவது இதோடு பொருந்துகிறது. முதல் பெட்டியில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று போட்டால் இணையாதது ஒன்றுதான் மிஞ்சும், அம்மோனியா வராது.

ஆக்சிஜனுக்கு நான்காவது அம்பு முதல் பெட்டிக்குத் திரும்பி வந்து கீழ்நோக்கி நிற்கும். இணையாதவை இரண்டு. காலிப் பெட்டிகளையும் கட்டாயம் வரையுங்கள். கார்பனுக்கு 2பி-யில் இரண்டு பெட்டி மட்டும் வரைந்து நிறுத்தினால், மூன்றாவது ஆர்பிட்டால் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

8. குரோமியமும் தாமிரமும்

ஆர்கானைப் போன்ற முதல் 18 எலக்ட்ரான்களை எழுதாமல் விட்டால், வரிசைப்படி நிரப்பும்போது குரோமியம் (24) 3டி⁴ 4எஸ்², தாமிரம் (29) 3டி⁹ 4எஸ்². உண்மையில் குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹.

ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும் வாய்ப்புகளால் ஆற்றல் குறைகிறது. 3டி⁴-ல் அப்படிப்பட்ட இணைகள் 6, 3டி⁵-ல் 10. 4எஸ்-க்கும் 3டி-க்கும் இடையே ஆற்றல் வேறுபாடு சிறிதாக இருப்பதால், இந்த ஆதாயம் ஒரு எலக்ட்ரானை இடம் மாற்றப் போதுமானதாகிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் கண்ட இடத்தில் எல்லாம் பயன்படுத்துவதுதான் அடுத்த வினை. கார்பனை 2எஸ்¹ 2பி³ என்று, ஆற்றல் மிகக் குறைந்த அடிநிலையிலேயே எழுதிவிடுவார்கள். அங்கே 2எஸ்-க்கும் 2பி-க்கும் இடைவெளி பெரிது, கதை செல்லாது. குரோமியத்தின் அதே தொகுதியில் மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹ என்று வழிக்கு வருகிறது. அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என்று முரண்டு பிடிக்கிறது. முதல் 36-ல் குரோமியமும் தாமிரமும் மட்டுமே விதிவிலக்கு. அவற்றைப் பெயர் சொல்லி நினைவில் வையுங்கள், விதியாக்காதீர்கள்.

9. அயனியாக்குவது: முதலில் திருப்பி எழுதுங்கள், பிறகு கழற்றுங்கள்

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காசிமேட்டில் கரையேற்றிய இரும்புப் படகின் அடிப்பக்கம் துருவேறி நிற்கும். அந்தத் துருவில் இருப்பது +3 இரும்பு அயனி. இரும்பின் அணு எண் 26. நடுநிலை அணுவை முதலில் எழுதுங்கள்:

[ஆர்கான்] 4எஸ்² 3டி⁶

[ஆர்கான்] என்பது ஆர்கானைப் போன்ற முதல் 18 எலக்ட்ரான்களின் சுருக்கம். இது நிரப்பிய வரிசை. இப்போது இதை முதன்மை எண் வரிசையில் திருப்பி எழுதுங்கள்:

[ஆர்கான்] 3டி⁶ 4எஸ்²

வெளிக்கூடு இப்போது வலது ஓரத்தில் இருக்கிறது. எலக்ட்ரானை வலது ஓரத்திலிருந்து கழற்றுங்கள். இரண்டு போனால் +2 அயனி: [ஆர்கான்] 3டி⁶. இன்னொன்று போனால் +3 அயனி: [ஆர்கான்] 3டி⁵.

திருப்பி எழுதாமல் கழற்றினால் கடைசியாக நிரப்பிய 3டி-யில் கை போகும். +2-க்கு 3டி⁴ 4எஸ்², +3-க்கு 3டி³ 4எஸ்² என்று வரும். எலக்ட்ரான் எண்ணிக்கை 24-ம் 23-ம் சரியாகவே இருக்கும். அதனால்தான் கூட்டிப் பார்த்தாலும் பிழை தெரியாது.

கடைசியாக வந்தது முதலில் போக வேண்டாமா என்று கேட்பார்கள். 3டி-யில் எலக்ட்ரான்கள் நிரம்ப நிரம்ப, அணுக்கருவின் மின்சுமையும் கூடிக்கொண்டே வருகிறது. 3டி உள்ளே இழுக்கப்பட்டு ஆற்றலில் 4எஸ்-க்குக் கீழே போய்விடுகிறது. 4எஸ் எலக்ட்ரான்கள் சராசரியாக வெளியே இருக்கின்றன. பறிகொடுக்க எளிதானவை அவைதான்.

எது சரி என்று பரிசோதனை காட்டும். இணையாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, அந்த எண்ணிக்கையாலேயே பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் காந்தத் திருப்புத்திறன் போர் மேக்னட்டான் என்ற அலகில் கிடைக்கும். ட்யூஷன் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: +2 இரும்பில் தவறான 3டி⁴ 4எஸ்²-க்கும் சரியான 3டி⁶-க்கும் இணையாதவை நான்குதான். இரண்டும் 4.90 என்றே காட்டும். அதை எடுத்துக்காட்டாக வைத்தால் பிழை பிடிபடாது. +3 இரும்பை எடுங்கள். தவறான அமைப்பில் இணையாதவை மூன்று, 3.87. சரியான அமைப்பில் ஐந்து, 5.92. அளந்தால் வருவது 5.9-ஐ ஒட்டித்தான்.

தாமிரத்திலும் ஒரு பொறி உண்டு. 3டி⁹ 4எஸ்² என்று தவறாகத் தொடங்கிய பையன் 4எஸ்²-ஐக் கழற்றி 3டி⁹ என்று +2 அயனியைச் சரியாக எழுதிவிடுவான். அவனிடம் +1 அயனியைக் கேளுங்கள். சரியான விடை 3டி¹⁰. அவன் 3டி⁹ 4எஸ்¹ என்று எழுதுவான். அப்போதுதான் தொடக்கத்தில் இருந்த பிழை வெளியே வரும்.

நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தின் (தாமிர சல்பேட்) நீலம் இந்த 3டி⁹-ல் உள்ள ஒரு காலியிடத்தோடு தொடர்புடையது. துத்தநாகத்தின் +2 அயனி 3டி¹⁰. காலியிடம் இல்லை, துத்தநாக சல்பேட் வெள்ளை. ஆனால் 3டி⁹ இருந்தாலே நீலம் என்று முடித்துவிடக் கூடாது. மயில்துத்தத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரை விரட்டினால் அதுவும் வெள்ளையாகிவிடும், தாமிர அயனி 3டி⁹ ஆகவே இருக்கும்போதே. சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளுக்கும் நிறத்தில் பங்கு உண்டு. மயில்துத்தம் நச்சு, சமையல் பாத்திரத்தில் செய்து பார்க்க வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் பாருங்கள்.

ஒரே எலக்ட்ரான் எண்ணிக்கை என்றால் ஒரே அமைப்பு என்று எண்ணுவது இன்னொரு வழுக்கல். குரோமியம் அணுவிலும் +2 இரும்பிலும் 24 எலக்ட்ரான்கள். முன்னது 3டி⁵ 4எஸ்¹, பின்னது 3டி⁶. அயனிக்கு எப்போதும் நடுநிலை அணுவிலிருந்தே வாருங்கள்.

10. ஆற்றல் கணக்கு

போர் சூத்திரத்தில் ஆற்றல் = −13.6 × அணு எண்ணின் இருமடி ÷ முதன்மை எண்ணின் இருமடி, எலக்ட்ரான் வோல்ட்டில். ஹைட்ரஜனுக்கு முதல் நிலை −13.6, இரண்டாவது −3.4, மூன்றாவது −1.51.

மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் வெளிவருவது 3.4 − 1.51 = 1.89. அலைநீளம் வேண்டுமென்றால் 1240-ஐ அதனால் வகுங்கள்: சுமார் 656 நானோமீட்டர், சிவப்பு. −3.4-ஐவிட −1.51 பெரியது, எதிர்க்குறியை விட்டுவிட்டு ஒப்பிட்டால் எலக்ட்ரான் மேலே ஏறும்போது ஒளி வருகிறது என்று தலைகீழாக முடியும்.

இந்தச் சூத்திரம் ஒரே எலக்ட்ரான் உள்ளவற்றுக்கு மட்டும்: ஹைட்ரஜன், ஹீலியத்தின் +1 அயனி, லித்தியத்தின் +2 அயனி. சோடியத்துக்கு 11-ஐயும் 3-ஐயும் போட்டால் 3எஸ் எலக்ட்ரானைப் பிடுங்க 183 எலக்ட்ரான் வோல்ட் தேவை என்று வரும். உண்மையான மதிப்பு 5.14. உள்கூட்டில் உள்ள பத்து எலக்ட்ரான்கள் அணுக்கருவை மறைப்பதைச் சூத்திரம் அறியாது.

சோடியத்தின் ஒளியை அடுப்பிலேயே பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீண்ட கைப்பிடியுள்ள எவர்சில்வர் கரண்டியின் நுனியை நனைத்து, உப்பைத் தொட்டு, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஓரமாகக் காட்டுங்கள். பளிச்சென்று மஞ்சள். சாம்பார் பொங்கி வழிந்தால் சுடர் நிறம் மாறுவதும் இதனால்தான். 3எஸ்-லிருந்து 3பி-க்கு ஏறிய எலக்ட்ரான் திரும்பி விழும்போது வரும் 589 நானோமீட்டர் ஒளி அது: 1240 ÷ 589 = 2.1 எலக்ட்ரான் வோல்ட். எல்இடி வருவதற்கு முன் தெருவிளக்குகளில் இருந்த மஞ்சளும் சோடியத்தினுடையதே.

பர்னர் துளை அடைத்திருந்தாலும் சுடர் மஞ்சளாகும். அந்த மஞ்சள் மங்கலாக, விடாமல் இருக்கும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். உப்பின் மஞ்சள், உப்பு தீர்ந்ததும் போய்விடும். பர்னரைச் சுத்தம் செய்து, சுடர் முழு நீலமாக இருக்கும்போது செய்து பாருங்கள்.

11. பயிற்சிக்கு ஆறு

ஒவ்வொன்றுக்கும் 2-ம் படியிலிருந்து தொடங்கி, இணையாத எலக்ட்ரான் வரை எழுதுங்கள்: பாஸ்பரஸ் அணு (15), சல்பைடு அயனி (16, −2), குரோமியம் அயனி (24, +3), மாங்கனீசு அயனி (25, +2), துத்தநாக அயனி (30, +2), புரோமைடு அயனி (35, −1).

விடைகள்: பாஸ்பரஸ் 3பி³, இணையாதவை 3. சல்பைடு 18 எலக்ட்ரான், ஆர்கானின் அமைப்பு, 0. குரோமியம் +3 அயனி 3டி³, 3. மாங்கனீசு +2 அயனி 3டி⁵, 5. துத்தநாகம் +2 அயனி 3டி¹⁰, 0. புரோமைடு 36 எலக்ட்ரான், கிரிப்டானின் அமைப்பு, 0.

மாங்கனீசுக்கு மூன்று என்று வந்திருந்தால் 9-ம் படியில் திருப்பி எழுதவில்லை. குரோமியத்துக்கு ஒன்று என்று வந்திருந்தாலும் அதே இடம்தான், 8-ம் படியும் விட்டுப்போயிருக்கலாம்: 3டி¹ 4எஸ்² என்று விட்டிருப்பீர்கள். புரோமைடில் 34 என்று வந்திருந்தால் 4-ம் படியில் குறி தவறியிருக்கிறது.